சஸ்பென்ஸ் அக்கவுண்ட்டில் ஒரு சாக்லேட்

அடியேன் பி.காம். டெபிட் எது, கிரெடிட் எது என்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்லிவிடுவேன். (தப்பாகச் சொல்வேன். அது வேறு விஷயம்.) ஆனால் சமையலறையில் எனக்கு இருந்த ஒரே முன் அனுபவம், ஹாலில் உட்கார்ந்தபடி, "ஏதோ தீயற வாசனை வருது, பாரு" என்று குரல் கொடுப்பதுதான்.

அப்பேர்ப்பட்ட நான் போன மாதம் பதினைந்து நாட்கள் மிக்ஸியும் கையுமாக அலைந்தேன். காரணம், என் மகள் கேட்ட ஒரு கேள்வி.

அவளுக்குப் பால் ஆகாது. எட்டாவது மாதத்தில் முதல் முறையாக ஒரு வாய் தயிர்சாதம் ஊட்டினோம். பத்து நிமிஷத்தில் உடம்பெல்லாம் தடிப்பு, உதடு வீக்கம். ஆட்டோ பிடித்து ஆஸ்பத்திரிக்கு ஓடினோம். டாக்டர் பொறுமையாக விளக்கினார். "சிலருக்குப் பால் சாப்பிட்டா வயிறு உப்பும், கடமுடாங்கும். அது பால்ல இருக்கிற சர்க்கரை ஜீரணமாகாததால வர்றது. இது அது இல்லை சார். பால்ல இருக்கிற புரதத்தை உடம்பு எதிரின்னு நினைச்சு சண்டை போடுது. நிறையக் குழந்தைகளுக்கு வயசானா சரியாயிடும். அதுவரைக்கும் பால், தயிர், வெண்ணெய், நெய் எதுவும் கூடாது."

என் அம்மாவுக்கு இது பிடிபடவே இல்லை. "நம்ம பரம்பரையில பால் ஆகாதவங்க யாருடா இருக்காங்க? ஒரு ஸ்பூன் நெய்யில என்ன ஆயிடப் போவுது?" என்று இன்றைக்கும் கேட்கிறார். என்ன ஆகும் என்று ஆட்டோவில் உட்கார்ந்து வந்த எனக்குத்தான் தெரியும்.

ஆகவே பாப்பா எந்தப் பிறந்த நாள் விழாவுக்குப் போனாலும், கையோடு ஒரு எவர்சில்வர் டப்பா போகும். அதில் கடலை மிட்டாய் இருக்கும். மற்ற வாண்டுகள் எல்லாம் மூக்கில் க்ரீம் ஒட்டக் கேக் தின்னும்போது, இவள் ஓர் ஓரமாக உட்கார்ந்து டப்பாவைத் திறப்பாள். சமத்து. ஒரு நாள்கூட அழுததில்லை. அதுதான் சார் கஷ்டம். அழுதால் சமாதானம் சொல்லலாம்.

போன மாதம் எதிர் ஃப்ளாட்டில் விழா. முடிந்து படியேறும்போது கேட்டாள்: "அப்பா, என் பர்த்டேக்கும் நான் டப்பா எடுத்துக்கணுமா?"

போன வருஷம் வந்தவர்களுக்குக் கடையில் கேக் வாங்கிவிட்டு, இவளுக்கு மட்டும் தனியாக எண்ணெய்க் கேசரி கிண்டிக் கொடுத்தோம். அதை ஞாபகம் வைத்துக்கொண்டு கேட்கிறாள்.

அன்று ராத்திரி அறிவித்தேன்: "இந்த வருஷம் எல்லாருக்கும் ஒரே ஸ்வீட். பாப்பா சாப்பிடறதைத்தான் எல்லாரும் சாப்பிடணும். சாக்லேட்டில. நானே பண்றேன்."

"நீங்களா?" என்றாள் மனைவி. தமிழில் நாலு எழுத்துக்குள் இவ்வளவு கேவலம் அடங்கும் என்பது எனக்கு அன்றுதான் தெரிந்தது.

தேடிப் பிடித்தது சாக்லேட் மூஸ். பிரான்ஸ்காரர்கள் முட்டையும் க்ரீமும் நுரைக்க அடித்துச் செய்கிற ஐட்டம். அதையே பால், முட்டை எதுவும் இல்லாமல் டோஃபு வைத்துச் செய்கிறார்கள் வீகன் ஆசாமிகள். வீகன் என்றால் பால், தேன்கூடத் தொடாத சைவம். 1944-ல் இங்கிலாந்தில் டொனால்ட் வாட்சன் என்பவரும் அவருடைய நண்பர்களும் சங்கம் ஆரம்பித்தபோது, 'வெஜிடேரியன்' என்ற ஆங்கிலச் சொல்லின் தலையையும் வாலையும் ஒட்டிச் செய்த பெயர். நடுவில் இருந்ததை வெட்டிவிட்டார்கள். பால் அதோடு போயிற்று!

டோஃபு என்பது சோயா பீன்ஸை ஊறவைத்து, அரைத்து, பால் எடுத்து, அதைத் திரிய வைத்துச் செய்யும் கட்டி. சீனாக்காரர்கள் பல நூறு வருஷமாகச் சாப்பிட்டு வருகிறார்கள். அவசரப்படாமல் டாக்டரிடம் முதலில் கேட்டேன். பால் ஆகாத குழந்தைகளில் சிலருக்குச் சோயாவும் ஆகாதாம். எங்கள் அதிர்ஷ்டம், பாப்பா சோயா சாப்பிடுகிறவள். டாக்டர் தலையாட்டினார். களத்தில் குதித்தேன்.

முதல் முயற்சி. தெருமுனை அண்ணாச்சியிடம் "டோஃபு இருக்கா?" என்றேன். "அது என்ன கம்பெனி சார்?" என்றார். அப்புறம் பெரிய கடையில் 'சோயா பனீர்' என்ற பெயரில் மாட்டியது. செங்கல் மாதிரி கெட்டியாக இருந்தது. சாக்லேட்டோடு போட்டு அரைத்தேன், அரைத்தேன், மிக்ஸி சூடாகிற வரை அரைத்தேன். கடைசியில் வந்தது பழுப்பு நிறத் தேங்காய்ச் சட்னி. மனைவி ஒரு விரல் தொட்டு நக்கிவிட்டு, "தாளிச்சுக் கொட்டட்டுமா?" என்றாள்.

கணக்கு எழுதும்போது, எந்தத் தலைப்பில் போடுவது என்று புரியாத தொகையை சஸ்பென்ஸ் அக்கவுண்ட் என்று ஒன்றில் போட்டு வைப்போம். அந்தச் சட்னியும் ஃப்ரிட்ஜில் நாலு நாள் அப்படித்தான் இருந்தது. அப்புறம் வாராக்கடன் என்று எழுதிக் குப்பையில் சேர்த்தேன்.

பாடம் ஒன்று: மூஸுக்கு வேண்டியது 'சில்க்கன் டோஃபு'. அதைப் பிழிந்து நீரை எடுப்பதில்லை. இளநீர் வழுக்கை மாதிரி வழுவழுவென்று இருக்கும். அட்டைப் பெட்டியில் அடைத்து விற்கிறார்கள்.

இரண்டாவது முயற்சி. டோஃபு சரி. சாக்லேட்டை உருக்கும்போது ஆவி பட்டு ஒரே ஒரு சொட்டுத் தண்ணீர் விழுந்தது. அவ்வளவுதான்! பளபளவென்று ஓடிக்கொண்டிருந்த சாக்லேட், களிமண்ணாக இறுகிக் கரண்டியைப் பிடித்துக்கொண்டது. சாக்லேட்டில் சர்க்கரையும் கொக்கோத் தூளும் கொழுப்புக்குள் மிதக்கின்றன. கொஞ்சமாகத் தண்ணீர் பட்டால் சர்க்கரை ஈரமாகி ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்கிறது. நிறையத் தண்ணீர் சேர்ந்தால் கரைந்து சரியாகிவிடுகிறது. அரைகுறையாகத் தலையிடும் சொந்தக்காரர்கள் மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்களேன். முழுசாக உள்ளே வந்தால் உதவி, எட்டிப் பார்த்துவிட்டுப் போனால் உபத்திரவம்.

நடுவில் இன்னொரு கூத்து. சாக்லேட் வாங்குவது. டார்க் சாக்லேட்டில் பால் இருக்காது என்று நினைத்திருந்தேன். கடையில் நின்று ஏழு உறைகளைத் திருப்பித் திருப்பிப் படித்தேன். சிலதில் பால் பவுடர், சிலதில் வெண்ணெய்க் கொழுப்பு. சிலதில் 'பால் கலந்திருக்கலாம்' என்று பொடி எழுத்தில் எச்சரிக்கை. பச்சைப் புள்ளியைப் பார்த்து ஏமாறக் கூடாது. அது சைவம் என்று சொல்லும், அவ்வளவுதான். நம் ஊர்ச் சட்டப்படி பாலும் சைவமே. இப்போது வீகனுக்கென்று தனி முத்திரைகூட வந்துவிட்டது. அதையும் பார்த்துவிட்டு, பின்பக்கத்தையும் படிக்க வேண்டும். முத்திரை, என்ன சேர்த்தார்கள் என்று சொல்லும். அலர்ஜி வரிதான், பக்கத்து மெஷினில் என்ன ஓடியது என்று சொல்லும். ஆடிட்டர் ரிப்போர்ட்டில் பூதம் எப்போதுமே கடைசிப் பக்கத்தில்தான் இருக்கும். கடைச் சிப்பந்தி என்னை ஒரு மாதிரி பார்த்தார். எட்டாவது உறை தேறியது.

மூன்றாவது முயற்சி தேறிவிட்டது. பேச்சிலர் அன்பர்கள் ஒரு தாளில் குறித்துக்கொள்ளலாம். அடுப்பு வேலை பத்தே நிமிஷம்.

சில்க்கன் டோஃபு 300 கிராம். பால் சேராத டார்க் சாக்லேட் 150 கிராம். கொட்டை எடுத்த பேரீச்சம்பழம் எட்டு, வெந்நீரில் அரை மணி ஊறியது. கொக்கோத் தூள் இரண்டு ஸ்பூன், வெனிலா எசன்ஸ் அரை ஸ்பூன், உப்பு ஒரு சிட்டிகை. உப்பை விட்டுவிடாதீர்கள், சாக்லேட்டைத் தூக்கிக் கொடுப்பதே அதுதான்.

டோஃபுவைக் கொதிக்கும் நீரில் மூன்று நிமிஷம் போட்டு எடுத்து, துணியில் வடியவிடுங்கள். பச்சை வாசனை போகும், தவிர டோஃபு வெதுவெதுப்பாகவும் இருக்கும். ஃப்ரிட்ஜிலிருந்து எடுத்த ஜில் டோஃபுவில் சூடான சாக்லேட்டை ஊற்றினால் திப்பி திப்பியாக உறைந்துவிடும். ஒரு பாத்திரத்தில் கொஞ்சம் தண்ணீர் கொதிக்கவிட்டு, மேலே ஈரமில்லாத இன்னொரு பாத்திரத்தை வைத்து அதில் சாக்லேட்டை உருக்குங்கள். மேல் பாத்திரம் தண்ணீரைத் தொடக்கூடாது. பேரீச்சம்பழத்தை மிக்ஸியில் விழுதாக்கி, டோஃபு, கொக்கோ, உப்பு, வெனிலா சேர்த்து, திப்பி இல்லாமல் அரைத்து, கடைசியில் உருகிய சாக்லேட்டை ஊற்றி ஒரு சுற்று. கிண்ணங்களில் ஊற்றி இரண்டு மணி நேரம் ஃப்ரிட்ஜ். சாக்லேட்டில் உள்ள கொக்கோ வெண்ணெய் குளிரில் இறுகுமல்லவா, அதுதான் மூஸை நிற்க வைக்கிறது. வெண்ணெய் என்றதும் பதற வேண்டாம். அது கொக்கோ விதையின் கொழுப்பு, மாட்டுக்குச் சம்பந்தமில்லை. இரண்டு நாளுக்குள் காலி செய்துவிடுங்கள்.

'உடம்புக்கு நல்லதா?' என்பீர்கள். பேலன்ஸ் ஷீட் போட்டுவிடுவோம். கடையில் விற்கும் ஃப்ரெஷ் க்ரீமில் 100 கிராமுக்கு 25 கிராம் கொழுப்பு. 300 கிராம் ஊற்றினால் 75. அதே அளவு சில்க்கன் டோஃபுவில் சுமார் 10 கிராம்தான். புரதம் 15 கிராம் பக்கம். கொலஸ்ட்ரால் பூஜ்யம். இது வரவுப் பக்கம். செலவுப் பக்கத்தையும் மறைக்கக் கூடாது. சாக்லேட்டின் கொழுப்பும் சர்க்கரையும் அப்படியே இருக்கின்றன. பேரீச்சம்பழத்திலும் முக்கால்வாசிக்குக் கொஞ்சம் குறைய சர்க்கரைதான், கூட நார்ச்சத்து வருகிறது. ஆக ஒரு சின்னக் கிண்ணம் லாபம். 'ஹெல்தியாச்சே' என்று நாலு கிண்ணம் தின்றால் நஷ்டம்.

விழா நாள். பதினொரு வாண்டுகள். தலைக்கு ஐம்பது கிராம் கணக்கு. டோஃபு என்ற வார்த்தையை வாயே திறக்கக் கூடாது என்று வீட்டில் உத்தரவு போட்டிருந்தேன். என் அம்மா வாசலிலேயே நின்று, வந்த அத்தனை பேரிடமும் "பயறுல ஏதோ பண்ணியிருக்கான், பாத்து சாப்பிடுங்க" என்று ஒலிபரப்பிக் கொண்டிருந்தார்.

கிண்ணங்கள் போயின. ஹாலில் சத்தம் நின்றது. பதினொரு வாண்டுகள் ஒரே நேரத்தில் மௌனமானால் ஒரு தகப்பனுக்கு எப்படி இருக்கும் என்று நினைக்கிறீர்கள்? சட்னி ஞாபகம் வந்துவிட்டது எனக்கு. அப்புறம்தான் ஸ்பூன் கிண்ணத்தைச் சுரண்டும் ஓசை கேட்டது. ஒரு பொடியன் கிண்ணத்தையே நக்கிக்கொண்டிருந்தான்.

பாப்பா நடுவில் உட்கார்ந்திருந்தாள். ஓரத்தில் இல்லை. 'இதை அவ சாப்பிடலாமா?' என்று யாரும் யாரையும் கேட்கவில்லை. அம்மாவும் ஒரு கிண்ணம் முடித்துவிட்டு, "கொஞ்சம் நெய் விட்டிருந்தா இன்னும் நல்லா இருந்திருக்கும்" என்றார். திருந்த மாட்டார்.

கிளம்பும்போது எதிர் ஃப்ளாட்டுப் பையன், "ஆன்ட்டி, வீட்டுக்குக் கொஞ்சம் கிடைக்குமா?" என்று என் மனைவியிடம் கேட்டான். பாப்பா எழுந்து உள்ளே ஓடினாள். அந்த எவர்சில்வர் டப்பாவை எடுத்து வந்து, மிச்சமிருந்ததை அதில் வழித்துப் போட்டு, மூடி அழுத்திக் கொடுத்தாள்.

மூன்று வாரமாகிறது. டப்பா இன்னும் திரும்பி வரவில்லை. கேட்டு வாங்கும் உத்தேசமும் எனக்கு இல்லை.