மகளை ஒளித்து வைக்காதீர்கள்

இவ்வாரம் எமக்கு வந்த கடிதங்களுள் ஒன்றை இருமுறை வாசித்தோம். எழுதியவர் ஒரு தாயார். பெயரையும் ஊரையும் இங்கே குறிப்பிடப் போவதில்லை. அவருடைய மூத்த மகளுக்குச் சென்ற பங்குனியில் பதினேழு வயது நிறைந்தது. க. பொ. த. சாதாரணதரப் பரீட்சைக்குப் படித்துக்கொண்டிருந்தவள் இப்போது ஐந்து மாதக் கர்ப்பவதி. விஷயம் தெரிந்த நாள் முதல் தகப்பனார் அவளோடு பேசுவதில்லை. பின்னறையில் வைத்திருக்கிறார்கள். அயலாருக்கு மஞ்சட்காமாலை என்று சொல்லியாயிற்று. "தூரத்திலுள்ள என் தமக்கை வீட்டுக்கு அனுப்பிவிடுவதா, அல்லது அந்தப் பையனுக்கே உடனே கட்டிவைப்பதா?" என்று கேட்கிறார்.

அம்மா, இவ்விரண்டிற்கும் முன்னே செய்யவேண்டியது ஒன்று உண்டு. இந்த ஐந்து மாதத்தில் உங்கள் மகளை யாரேனும் வைத்தியர் பார்த்ததாகக் கடிதத்தில் ஒரு வரியும் இல்லை. நாளைக்கே உங்கள் பகுதிக் குடும்பநல உத்தியோகத்தரிடம், வீடுகளில் மருத்துவிச்சியம்மா என்று அழைக்கிறோமே, அவரிடம் கூட்டிச் செல்லுங்கள். கர்ப்பந் தரித்து எட்டு வாரத்துக்குள் பதிந்துகொள்வதே முறை. காலந் தாழ்ந்துவிட்டது, ஆயினும் காரியம் கைதவறிவிடவில்லை. விவாகமாகவில்லை என்று தயங்கவேண்டாம். இரத்த அழுத்தம் பார்ப்பவருக்கு விவாகப் பத்திரம் எதற்கு?

இருபது வயதுக்குட்பட்ட தாய்மாருக்குக் கர்ப்பகால வலிப்பும், பிரசவத்தின் பின் கிருமித் தொற்றும் வரக்கூடிய அபாயம், இருபது வயதைத் தாண்டியோரிலும் அதிகம் என்று உலகச் சுகாதார ஸ்தாபனம் கூறுகிறது. குழந்தை எடை குறைந்து பிறப்பதும் உண்டு. தன் உடலே இன்னும் முற்றி வளராத பிள்ளை, வேறோர் உயிருக்கும் இரத்தம் ஊட்ட வேண்டியிருக்கிறது. கடுமையான தலையிடி, கண் மங்கல், முகம் வீங்குதல் ஆகியவற்றுள் எது கண்டாலும் கிளினிக் நாள் வரும்வரை காத்திராது ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக வேண்டும். பின்னறையில் கிடப்பவளின் தலையிடியை யார் கேட்பார்?

இன்னொன்று. மஞ்சட்காமாலை என்று ஊருக்குச் சொன்னபின் அதற்கேற்ற பத்தியமும் காட்ட வேண்டியிருக்குமே! மீனும் முட்டையும் பருப்பும் கீரையும் மிக வேண்டிய மாதங்களில், பொய்யைக் காப்பாற்றுவதற்காக ஒரு கர்ப்பவதி கஞ்சி குடித்துக்கொண்டிருக்கிறாளோ என்று எமக்கு அச்சமாயிருக்கிறது. கிளினிக்கில் கொடுக்கும் இரும்புச்சத்துக் குளிசைகளும் திரிபோஷா மாவும் அவளுக்கும் உரியவையே.

விவாகத்தைப் பற்றிக் கேட்டீர்கள். பொது விவாகச் சட்டத்தில் 1995ஆம் ஆண்டு செய்த திருத்தத்தின்படி ஆணாயினும் பெண்ணாயினும் பதினெட்டு வயது நிறைய வேண்டும். பெற்றோர் சம்மதித்தாலும் அதற்கு முன் பதிவு செய்ய இயலாது. கோயிலில் தாலி கட்டி வைத்துவிட்டால், சட்டம் அறியாத ஒரு மனைவியாக அவள் நிற்பாள். பையன் பொறுப்பேற்க வேண்டாமா என்றால், கட்டாயம் வேண்டும். 1999ஆம் ஆண்டின் பராமரிப்புச் சட்டம் விவாகத்துக்கு வெளியே பிறந்த குழந்தைக்கும் செலவு கொடுக்கும் கடமையைத் தகப்பன்மீது சுமத்துகிறது. நீதவான் நீதிமன்றத்தில் அதற்கு விண்ணப்பிக்கலாம்.

ஆனால் மகளிடம் நடந்ததைத் தனிமையில், கோபமின்றி, நீங்களே கேளுங்கள். பலவந்தம் நடந்திருந்தால் அது பெருங் குற்றம். பதினாறு வயதுக்குட்பட்ட பெண்ணாயின், அவள் இசைந்தாள் என்ற பேச்சையே சட்டம் ஏற்பதில்லை. சிறுவர் பாதுகாப்பு அதிகார சபையை 1929 என்ற தொலைபேசி இலக்கத்தில் அழைக்கலாம்.

படிப்பு முடிந்தது என்று எழுதியிருக்கிறீர்கள். யார் முடித்தார்கள்? பாடசாலைக்குப் போக இயலாதபோதும் சாதாரணதரப் பரீட்சைக்குத் தனிப்பட்ட விண்ணப்பதாரியாகத் தோற்ற வழியிருக்கிறது. இத்தகைய பெண்ணை வகுப்பில் விட்டால் மற்றப் பிள்ளைகளும் கெடுவர் என்போர் எங்குமிருக்கின்றனர். மேற்கு ஆபிரிக்காவின் சியரா லியோன் நாட்டில் எபோலா நோயால் மூடியிருந்த பாடசாலைகள் 2015இல் மீண்டும் திறந்தபோது, இதே நியாயத்தைச் சொல்லிக் கர்ப்பமான மாணவிகளை வகுப்புக்கும் பரீட்சைக்கும் வராது தடுத்தனர். பிராந்திய நீதிமன்றம் 2019 டிசம்பரில் அத்தடை செல்லாதென்றது. 2020 மார்ச்சில் அரசாங்கம் அதனை நீக்கியது. இடையில் ஐந்து ஆண்டுகள் கழிந்தன. பதினாறு வயதில் வெளியே நின்றவளுக்கு அப்போது இருபத்தொன்று.

குழந்தை பிறந்தபின், "பேரனை என் மகனென்று பதிந்துவிடுகிறேன்" என்று சில தாய்மார் துணிகின்றனர். உங்கள் கடிதத்தின் கடைசிப் பக்கத்திலும் அதன் சாயல் தெரிகிறது. அது சட்டப்படி குற்றம். தன் தாயைத் தமக்கையென்று அழைத்து வளரும் குழந்தைக்கும் அது நீதியன்று. தகப்பன் பெயர் இல்லாமலே பிறப்பைப் பதியலாம்; 42 நாட்களுக்குள் செய்துவிடுங்கள். நீங்கள் செய்யக்கூடிய பேருதவி வேறு. காயச் சரக்கு அரைத்துக் கொடுக்கத் தெரிந்த உங்களுக்கு, பால் குடித்த குழந்தையை மாலையில் இரண்டு மணி நேரம் மடியில் வைத்திருக்கவும் தெரியும். அந்த இரண்டு மணி நேரத்தில் அவள் கணக்குப் போடட்டும்.

தகப்பனாருக்கும் இப்பக்கத்தை வாசிக்கக் கொடுங்கள். அவர் இன்னும் பேசமாட்டேனென்றால் பேச வேண்டாம். கிளினிக்கிற்கு அவளைத் தம்முடைய வாகனத்தில் ஏற்றிச் சென்றால் இப்போதைக்குப் போதும். இரத்தப் பரிசோதனையில் என்ன சொன்னார்கள் என்பதை மறவாது எமக்கு எழுதுங்கள்.