கணக்கா, ஆங்கிலமா: புதுச்சேரித் திரைகள் எதைச் சோதிக்கின்றன?

புதுச்சேரி அரசுப் பள்ளிகளின் மேல்வகுப்புகளும் சிபிஎஸ்இ பாடத்திட்டத்துக்கு மாறியுள்ளன. தமிழில் கணக்குப் பயின்ற நம் சேரிப் பிள்ளைகள் பலர் இனி ஆங்கில வினாவை எதிர்கொள்ள வேண்டும். ‘அட் லீஸ்ட் 5’ என்றால் ஐந்தும் அதற்கு மேலும்; ‘லீஸ்ட்’ என்பதைக் கண்டு ஐந்துக்குக் கீழே விடை தேடும் பிள்ளைக்குக் கணக்குத் தெரியாது என்று மதிப்பெண் தீர்ப்பெழுதிவிடுகிறது.

ஆங்கிலத்தை நாம் வேண்டாம் என்று சொல்லவில்லை. அதை நமக்கு மறுத்தவர்கள் யார் என்பதை அறிவோம்.

திறன்பலகையும் திக்‌ஷா செயலியும் இருக்கின்றனவே என்பர். பாடநூலின் க்யூஆர் குறியீட்டைத் திறக்கக் கைபேசி வேண்டும். வீட்டின் ஒரே கைபேசி காலையில் அப்பாவோடு வேலைக்குப் போய்விடுகிறது. 2017-18 தேசிய மாதிரி ஆய்வின்படி நாட்டில் இணைய வசதி பெற்ற குடும்பங்கள் 23.8 விழுக்காடுதான். அதன்பின் கைபேசிகள் பெருகின. பிள்ளையின் கைக்கு எத்தனை வந்தன?

எட்டாம் வகுப்புவரை ‘இயன்றவரை’ தாய்மொழியில் கற்பிக்கவேண்டும் என்கிறது கல்வி உரிமைச் சட்டத்தின் 29(2)(f) பிரிவு. அந்த ‘இயன்றவரை’க்குள்தான் அரசுகள் ஒளிந்துகொள்கின்றன. ஆனால் ஒரே வினாவை இருமொழியில் காட்டுவதும் தமிழில் ஒலிக்கச் செய்வதும் திரைக்கு இயலாத செயல்களா? இந்திய மொழிகளைப் பயிற்றுமொழியாகக் கொள்ளலாம் என்று சிபிஎஸ்இயே 2023 ஜூலையில் சுற்றறிக்கை விடுத்துள்ளது.

எத்தனை பள்ளிகளில், பள்ளி நேரத்திலேயே, இருமொழிக் கணக்குப் பாடம் திரையில் நடக்கிறது என்று தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்கீழ் கல்வித்துறையிடம் முதலில் கேட்போம்.