மீதிப் பாதி யார் தலையில்?

‘டூ பிஹெச்கே டீப் கிளீனிங் வெறும் 1,999 ரூபாய்!’ வேளச்சேரி, மடிப்பாக்கம், மேடவாக்கம் பக்கம் அபார்ட்மென்ட் வாசலிலும் வாட்ஸ்அப் குழுவிலும் இப்படி ஒரு நோட்டீஸ் கண்ணில் படாத வாரம் இல்லை. வீடு சுத்தம் செய்து தரும் சிறு தொழிலை யார் தொடங்கினாலும் அவர் காதில் விழும் முதல் புத்திமதி இதுதான்: “ரேட்டைக் குறைச்சுப் போடு, ஆள் தானா வரும். பேர் வாங்கினப்புறம் ஏத்திக்கலாம்.” சொந்தக்காரர்கள் சொல்கிறார்கள், நோட்டீஸ் அடித்துக் கொடுப்பவர் சொல்கிறார், யூடியூபில் தொழில் ஆலோசனை தருபவர்களும் இதையே சொல்கிறார்கள். எட்டு வருடமாக இந்தத் தொழிலில் இருக்கிறேன். இதைப்போல் கெடுதல் செய்த புத்திமதி வேறு எதையும் நான் பார்த்ததில்லை.

என் கணக்கு நோட்டைத் திறந்து காட்டுகிறேன். இரண்டு படுக்கையறை வீட்டை ஒழுங்காகச் சுத்தம் செய்ய மூன்று பேருக்கு ஏழு மணி நேரம் ஆகிறது. ஆளுக்கு 900 ரூபாய் வீதம் கூலி 2,700. மெஷினை ஏற்றிப் போய்வர லோடு ஆட்டோ 600. லிக்விட், பேட், துணி வகைக்கு 350. மதியச் சாப்பாடும் டீயும் 250. மெஷின் ரிப்பேருக்கு எடுத்து வைப்பது 200. ஆக 4,100. நான் வாங்குவது 4,800. மிச்சமுள்ள 700 ரூபாயில்தான் கடை வாடகையும் போன் செலவும் என் வருமானமும்.

இப்போது 1,999 ரூபாய்க்கு வருவோம். ஆட்டோவுக்கும் லிக்விடுக்கும் கொடுத்தது போக நிற்பது 1,049. மூன்றாகப் பிரித்தால் ஆளுக்கு 350கூடத் தேறாது. சாப்பாடு கிடையாது, முதலாளிக்கும் எதுவும் கிடையாது. அந்தக் கூலிக்கு ஏழு மணி நேரம் முட்டி போட்டுத் தேய்க்க யார் வருவார்கள்? ஆகவே மூவருக்குப் பதில் இருவர் வருகிறார்கள். ஏழு மணி நேர வேலை மூன்று மணி நேரத்தில் முடிகிறது. லிக்விடுக்குப் பதில் ஆசிட் கேன் வருகிறது. பாதி ரேட் என்று போட்டவர் மீதிப் பாதியைத் தள்ளுபடி செய்யவில்லை. கொஞ்சத்தை வேலைக்காரர் தலையிலும், கொஞ்சத்தை வீட்டுக்காரர் தலையிலும் இறக்கி வைத்திருக்கிறார்.

வீட்டுக்காரர் தலையில் எப்படி என்கிறீர்களா? போர் தண்ணீர் புழங்கும் வீடுகளில் பாத்ரூம் சுவரில் வெள்ளையாகப் படிவதை உப்புக் கறை என்கிறோம். அது பெரும்பாலும் சுண்ணாம்பு. ஆசிட் ஊற்றினால் நுரைத்துக்கொண்டு கரைந்துவிடும், கண்ணெதிரே சுவர் பளபளக்கும். ஆனால் மார்பிளும் சுண்ணாம்புக் கல்தான். மொசைக்கில் பதித்திருக்கும் சில்லும் பெரும்பாலும் மார்பிள்தான். டைல்ஸ் இடுக்கில் அடைத்திருக்கும் சிமென்டிலும் சுண்ணாம்பு இருக்கிறது. எது கறை, எது தரை என்று ஆசிடுக்குத் தெரியாது.

மடிப்பாக்கத்தில் ஒரு மூன்றாம் மாடி வீட்டிலிருந்து ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவர் கூப்பிட்டிருந்தார். இரண்டு மாதம் முன்புதான் யாரோ பாதி ரேட்டுக்குச் சுத்தம் செய்துவிட்டுப் போயிருந்தார்கள். பாத்ரூம் மொசைக் தரையில் உள்ளங்கையை வைத்தேன், உப்புத்தாள் போலச் சொரசொரத்தது. குழாயின் பளபளப்பு உரிந்து கறுப்புப் புள்ளிகள். சுவர் ஓரத்து டைல்ஸ் இடுக்கில் ஊக்கை விட்டுப் பார்த்தால் பாதி உள்ளே போகிறது. அந்த வழியாகத் தண்ணீர் இறங்கி, கீழ் வீட்டு பாத்ரூம் கூரையில் ஈரம் பூத்துவிட்டது. “அன்னைக்குப் பளிச்சுன்னு இருந்துச்சுப்பா” என்றார் அந்த அம்மா. அன்றைக்குப் பளிச்சென்று இருப்பதுதான் இந்த வியாபாரத்தின் சூது. சேதம் தெரிய மாதங்கள் ஆகும், அதற்குள் நோட்டீஸில் இருந்த போன் நம்பர் மாறியிருக்கும்.

வேலைக்காரர் தலையில் இறங்குவது இதைவிடக் கொடியது. ஆசிட் ஊற்றிய தரையிலேயே அவசரத்துக்குப் பிளீச்சிங் பவுடரையும் தூவினால் குளோரின் வாயு கிளம்பும். 1915 ஏப்ரலில், முதல் உலகப் போரின்போது, பெல்ஜியத்தின் ஈப்ர் நகருக்கு அருகே ஜெர்மானியப் படை ஆயுதமாகத் திறந்துவிட்ட அதே வாயு. ஜன்னல் இல்லாத ஐந்தடி பாத்ரூமில், மாஸ்க் இல்லாமல், முந்தானையை மூக்கில் சுற்றிக்கொண்டு ஒரு பெண் அதைச் சுவாசிக்கிறாள். எந்த லிக்விடை எதோடு கலக்கக் கூடாது என்று அவளுக்குச் சொல்லித்தர ஒரு நாள் பயிற்சி வேண்டும். 1,999 ரூபாயில் அந்த ஒரு நாளுக்கு இடமில்லை.

இன்னும் சிலர் ‘சம்ப், செப்டிக் டேங்க் எல்லாம் ஒரே ரேட்’ என்று போடுகிறார்கள். செப்டிக் டேங்கைப் பாதுகாப்பு இல்லாமல் ஆளை வைத்துச் சுத்தம் செய்வதை 2013ஆம் ஆண்டுச் சட்டம் குற்றமாக்கியிருக்கிறது. முதல் தடவைக்கே இரண்டு ஆண்டு வரை சிறை, இரண்டு லட்சம் வரை அபராதம், அல்லது இரண்டும். சாக்கடையில் இறங்கி இறப்பவரின் குடும்பத்துக்கு 30 லட்சம் ரூபாய் தரவேண்டும் என்று 2023 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது. மெஷினுக்கு ஆகும் செலவை மிச்சம் பிடித்துத்தான் அந்தச் சலுகை ரேட்டைத் தருகிறார்கள் என்பதை நோட்டீஸைப் படிக்கிற ஒவ்வொருவரும் தெரிந்துகொள்ள வேண்டும்.

ஏன் இந்தத் தொழிலில் மட்டும் ‘சீப்’ என்பதே விளம்பரமாக இருக்கிறது? ஏசி மெக்கானிக் அரை மணி நேரம் வேலை செய்து 600 ரூபாய் கேட்டால் எடுத்துக் கொடுக்கிறோம். நாள் முழுக்கக் கக்கூஸ் தேய்த்தவர் 900 கேட்டால், “கூட்டித் துடைக்கிறதுக்கா இவ்ளோ?” என்கிறோம். இந்தக் கேள்வியில் பேசுவது சாதி. சுத்தம் செய்வது சிலர் பிறப்பால் செய்யவேண்டிய வேலை, அதற்குக் கூலி கொடுப்பதே பெரிது என்று தலைமுறை தலைமுறையாகப் பழகிய மனம்தான் அப்படிக் கேட்கிறது. அடிமாட்டு ரேட்டை நோட்டீஸில் அச்சடிக்கும் தொழில்முனைவோர், தெரிந்தோ தெரியாமலோ, அந்த மனதுக்குத்தான் ஆமாம் சாமி போடுகிறார்.

இது தனியார் வீட்டோடு நிற்கவில்லை. அபார்ட்மென்ட் சங்கங்கள் மூன்று கொட்டேஷன் வாங்கி, எது குறைவோ அதில் கையெழுத்துப் போடுகின்றன. 2025 ஆகஸ்டில் சென்னை மாநகராட்சியின் ரிப்பன் மாளிகை வாசலில் தூய்மைப் பணியாளர்கள் 13 நாள் இரவும் பகலும் உட்கார்ந்திருந்தார்கள். தங்கள் மண்டலங்களின் வேலை தனியார் ஒப்பந்தத்துக்குப் போகிறது, கையில் வாங்கும் சம்பளம் குறையும் என்பது அவர்கள் முறையீடு. ஊரைச் சுத்தம் செய்கிறவர்களுக்கு உள்ள அதே பயம்தான் வீட்டைச் சுத்தம் செய்கிறவர்களுக்கும்.

“பெரிய ஆப்புகள் ஆஃபர் போடும்போது சின்ன ஆள் என்ன செய்வது?” என்று கேட்பார்கள். 2014இல் அர்பன்கிளாப் என்ற பெயரில் தொடங்கிய அர்பன் கம்பெனி, முதலீட்டாளர் பணத்தில் பல ஆண்டு நஷ்டத்தைத் தாங்கி வளர்ந்தது. மூன்று பேரும் ஒரு மெஷினும் வைத்திருப்பவர் ஒரு மாத நஷ்டத்தைத் தாங்கமாட்டார். யானையோடு கரும்பு தின்னப் போட்டி போடலாமா? “பிறகு ஏத்திக்கலாம்” என்பதும் நடக்காத காரியம். ரேட்டுக்காக வந்தவர், அடுத்த தெருவில் 1,799 என்று போட்ட அன்றைக்கே போய்விடுவார்.

“அப்படியானால் வசதி இல்லாதவர் வீடு சுத்தம் செய்துகொள்ள வேண்டாமா?” நியாயமான கேள்வி. கையில் 2,000 ரூபாய்தான் இருக்கிறது என்றால் கிச்சனும் ஒரு பாத்ரூமும் மட்டும் முழுசாகச் செய்யலாம். வேலையின் அளவைக் குறைக்கலாம், கூலியைக் குறைக்கக் கூடாது.

சிறு தொழிலுக்கு ஆள் எப்படி வருகிறார்கள் என்பதை என் அனுபவத்தில் சொல்கிறேன். பள்ளிக்கூடம் திறக்கும் முன் மே மாதத்தில் வாடகை வீடுகள் கைமாறும். ஆடியில் யாரும் வீடு மாறமாட்டார்கள். ஆயுத பூஜை, தீபாவளி, போகிக்கு முன் கூட்டம் குவியும். எந்த வீடு காலியாகிறது என்பது வாட்ச்மேனுக்கும் இஸ்திரிக்காரருக்கும் பெயிண்டருக்கும்தான் முதலில் தெரியும், அவர்களோடு பழக்கம் வேண்டும். நோட்டீஸில் ரேட்டுக்குப் பதில் எத்தனை பேர், எத்தனை மணி நேரம், என்ன லிக்விட், எந்தெந்த இடம் என்று எழுத வேண்டும். கொட்டேஷனில் கூலியைத் தனி வரியாகக் காட்ட வேண்டும். அந்த வரியைப் பார்த்த பிறகு பேரம் பேசுகிறவர்கள் பாதியாகக் குறைந்ததை நான் பார்த்திருக்கிறேன். போகாத கறையைப் போகாது என்று முதலிலேயே சொல்ல வேண்டும். மடிப்பாக்கம் அம்மாவிடம் அதைத்தான் சொன்னேன்: “இந்தத் தரைக்குப் பழைய மினுமினுப்பு வராதும்மா. இடுக்கை அடைச்சு, ஒழுகுறதை நிறுத்தித் தர்றோம்.” அவர் சொல்லி, அதே கட்டடத்தில் பிறகு நான்கு வீடுகள் கூப்பிட்டன.

வீட்டுச் சாவியையும் பீரோ இருக்கும் அறையையும் முன்பின் தெரியாதவரிடம் விடுகிற தொழில் இது. அங்கே விற்பனையாவது நம்பிக்கை. வந்த முகமே திரும்ப வந்தால்தான் நம்பிக்கை வளரும், கூலி கட்டுப்படியானால்தான் அந்த முகம் நம்மிடம் நிற்கும். எங்களிடம் ஆறு வருடமாக ஓர் அக்கா வேலை செய்கிறார். போன போகிக்கு முன் வந்த போன்களில் பலரும் ரேட்டைக் கேட்கவே இல்லை. அவர்கள் கேட்டது இது: “போன தடவை வந்த அக்கா என்னைக்கு ஃப்ரீயா இருப்பாங்க? அன்னைக்கே வெச்சுக்கலாம்.”