நெருஞ்சியில் முள் எங்கே இருக்கிறது?

குறுந்தொகையின் 202ஆம் பாடலை வகுப்பில் நடத்தும் ஆசிரியர்களுள் பலர் நெருஞ்சியை ரோஜாவாக மாற்றிவிடுகின்றனர். பூவோடு முள், அழகுக்கு அருகில் ஆபத்து என்று பொருள் சொல்லி அடுத்த பாடலுக்குப் போய்விடுகின்றனர். தேர்வுக் கையேடுகளிலும் இதே கதைதான். அள்ளூர் நன்முல்லையார் சொன்னது இதுவன்று என்பது என் கட்சி. அதை நிறுவுவதற்கு இலக்கணத்தைவிடத் தாவரவியலே மிகுதியாகத் துணைசெய்கிறது.

செடியை முதலில் பார்த்துவிடுவோம். ஆணிவேர் ஆழமாக இறங்க, தண்டுகள் நாற்புறமும் தரையோடு தரையாகப் படர்கின்றன. கணுவில் எதிரெதிராக நிற்கும் இரண்டு இலைகளுள் ஒன்று பெரிது, மற்றது சிறிது. ஒவ்வொன்றும் புளிய இலைபோலச் சிற்றிலைகளாகப் பிரிந்தது. மஞ்சள் பூவுக்கு ஐந்து இதழ்கள், பத்து மகரந்தத் தாள்கள். 1753இல் லின்னேயஸ் இதற்குத் திரிபுலஸ் டெரஸ்டிரிஸ் என்று பெயரிட்டார். பேரினப் பெயரின் கிரேக்க மூலம் ஒரு போர்க்கருவியைக் குறித்தது. பகைவர் குதிரைகளின் குளம்பில் தைக்கும்படி தரையில் இறைத்துவிடும் இரும்பு முள் அது; எப்படி விழுந்தாலும் ஒரு முனை மேல்நோக்கியே நிற்கும். (யானை நெருஞ்சிக்கும் இதற்கும் பெயரளவில்தான் உறவு. அது எள்ளின் குடும்பத்தைச் சேர்ந்தது.)

இனி, முள்ளுக்கு வருவோம். தமிழில் குத்துவதெல்லாம் முள்தான். ஆனால் செடிக்குச் செடி அதன் பிறப்பு வேறு. ரோஜாவின் முள் தண்டின் புறத்தோலில் எழுவது. பூ மலர்வதற்கு முன்பும் இருக்கும், உதிர்ந்த பின்பும் இருக்கும். கருவேலத்தில் இலையடிச் செதில்கள் முள்ளாகின்றன. எலுமிச்சையில் கிளை முள்ளாகிறது. நெருஞ்சியின் தண்டைத் தடவிப் பாருங்கள், மென்மயிர் தவிர வேறொன்றும் தட்டுப்படாது. இலையிலும் முள் இல்லை. பூவின் நடுவிலுள்ள சூலகம் கருவுற்றுக் காயாகும்போது, அதன் சுவரே புடைத்து முள்ளாக வளர்கிறது. முற்றிய காய் ஐந்து துண்டுகளாகப் பிரிகிறது. ஒவ்வொரு துண்டிலும் பெரிய முள் இரண்டு, சிறிய முள் இரண்டு, உள்ளே விதைகள். நம் செருப்பில் தைத்து வீட்டு வாசல்வரை வருவது ஒரு கனியின் ஐந்தில் ஒரு பங்கு. ஆட்டின் குளம்பும் சைக்கிள் டயரும் இவ்வாறே அந்த விதைக்கு வாகனங்கள் ஆகின்றன.

இதை அறிந்தபின் அந்தக் குறுந்தொகைப் பாடலுக்குத் திரும்பினால், அங்கே நிற்கும் வினைச்சொல் கண்ணில் படும். பயத்தல் என்பது அச்சொல். பெறுதல், ஈனுதல் என்பது பொருள். புலவர் பூவின் பக்கத்தில் முள் இருந்ததாகச் சொல்லவில்லை. கண்ணுக்கு இனிய புதுமலர் முள்ளை ஈன்றது என்கிறார். அப்படியானால் தலைவியின் குற்றச்சாட்டே வேறாகிவிடுகிறது. தலைவன் நல்லவனாகவும் தீயவனாகவும் ஒரே காலத்தில் இருந்தான் என்பதன்று அது. முன்பு இனியவனாக இருந்தவன் இன்று இன்னாதவன் ஆனான். அந்த இனிமையே முற்றி இந்த முள்ளாயிற்று. ரோஜாவின் முள்ளை விலக்கிப் பூவைப் பறித்துக்கொள்ளலாம். இவளுக்கு அந்த வழியும் இல்லை. நெஞ்சு நோகிறது என்று அவள் திரும்பத் திரும்பச் சொல்வதன் கனம் இங்கேதான் இருக்கிறது.

அதே தொகையின் 315ஆம் பாடலில் தலைவனைக் கதிரவனாகவும் தன் தோள்களை நெருஞ்சியாகவும் ஒரு தலைவி காண்கிறாள். அது பூவின் பருவம். நன்முல்லையார் எடுத்துக்கொண்டது காயின் பருவம். 'நெருஞ்சி: ஒருவகைச் செடி' என்று எழுதிவிட்டுப் போகும் அருஞ்சொற்பொருளைக் கொண்டு இந்த வேறுபாட்டை எந்த மாணவன் கண்டுபிடிப்பான்?

வள்ளுவரும் சாட்சிக்கு வருகிறார். 1120ஆம் குறளில், அனிச்சமும் அன்னத்தின் தூவியும்கூட அவள் அடிகளுக்கு நெருஞ்சிப் பழமாகும் என்கிறார். முள் என்று சொல்லவில்லை. தாவர நூலார் ஒப்பும் சொல்லான பழத்தையே சொல்கிறார். முள் வலிதாகியிருப்பதால் பழம் என்றார் எனப் பரிமேலழகர் அமைதி கூறுகிறார். முற்றினால்தான் குத்தும் என்பது அவருக்கும் தெரிந்திருக்கிறது.

புலவருக்குச் சூலகமும் கருவுறுதலும் தெரியுமா என்று சிலர் கேட்கக்கூடும். தெரிந்திருக்க வேண்டியதில்லை. புன்புலத்தில் வெறுங்காலுடன் நடந்தவர்களுக்குப் பூ இருந்த இடத்தில் சில நாள் கழித்து என்ன இருந்தது என்பது தெரியும். பி. எல். சாமி போன்றோர் சங்கச் செடிகொடிகளைத் தாவரவியலோடு ஒப்பிட்டு எழுதிய நூல்கள் கல்லூரி நூலகங்களில் கிடைக்கின்றன. நெருஞ்சிக்கு அந்த நூலும் தேவையில்லை. மழைக்குப் பின் விளையாட்டுத் திடலின் ஓரத்திற்கு மாணவர்களை அழைத்துச் சென்று, பூவும் பிஞ்சும் முற்றிய காயும் ஒரே தண்டில் வரிசையாக இருப்பதைக் காட்ட அரைமணி நேரம் போதும்.