குழப்படிக்காரன் கோல்ட் ஷிப்

கோல்ட் ஷிப் என்ற பெயரை எங்களில் பலர் முதலில் கேட்டது 'ஊமா முசுமே' அனிமேயில்தான். பந்தயக் குதிரைகளைப் பெண்பிள்ளைகளாக்கிய அந்தத் தொடரில் அவள் ஒரு கோமாளி. எப்ப என்ன செய்வாள் என்று ஒருத்தருக்கும் தெரியாது. சிரிச்சுப்போட்டு விட்டிருக்கலாம். ஆனால் உண்மையான குதிரையின் ஓட்டங்களை யூடியூபில் தேடிப் பார்த்த பிறகு எங்களுக்கு ஒரு கேள்வி வந்தது. "திறமை இருக்கு, ஆனா குணம் சரியில்லை" என்று சொல்லுறமே, அந்த "ஆனா" எவ்வளவு நியாயம்?

2009 இல் ஜப்பானில் பிறந்த சாம்பல் நிற ஆண்குதிரை அவன். தகப்பன் ஸ்டே கோல்டும் முரட்டுக் குணத்துக்குப் பேர்போனது. தாயின் தகப்பன் மெஜிரோ மெக்குயின், 3200 மீற்றர் தென்னோ ஷோவை இரண்டு தரம் வென்ற நெடுந்தூர ஓட்டக்காரன். இரண்டு பக்கச் சொத்தும் இவனுக்கு முழுசா வந்து சேர்ந்தது.

2012 சத்சுகி ஷோவைப் பாருங்கோ. 18 குதிரைகளில் கடைசிப் பக்கமாக இழுபட்டுக்கொண்டு வருகிறான். உள்பக்கப் புல் சிதைஞ்சு கிடந்ததால் மற்றவர்கள் வெளியால் சுற்றுகிறார்கள். ஜொக்கி உச்சிதா இவனை அந்த உள்வழியாலேயே விடுகிறார். வளைவு முடியும்போது பார்த்தால் முன்னுக்கு நிற்கிறான்! அதே வருசம் 3000 மீற்றர் கிக்குக்கா ஷோவும், அரிமா கினெனும் அவனுக்கே.

2015 ஜூன், தகராசுக்கா கினென். அதை முந்தின இரண்டு வருசமும் வென்றிருந்தான். ரசிகர் வாக்கில் முதலிடம், பந்தயப் பணத்திலும் முதலிடம். கேட் திறக்கிற நேரம் பார்த்து இரண்டு காலில் எழும்பி நின்றான். மற்றவர்கள் போய்விட்டார்கள். 16 குதிரையில் 15 ஆவது. சுமார் 1200 கோடி யென் பெறுமதியான பந்தயச் சீட்டுகள் சில நொடியில் வெறும் கடதாசி.

இதை "சுதந்திர வேட்கை" என்று கொண்டாட நாங்கள் தயாரில்லை. காசைத் தொலைத்தவர்கள் மனிசர். அரை தொன் மிருகம் திமிறினால் அடிபடுவதும் தொழுவத்தில் வேலை செய்கிறவர்தான். ஆனால் அதே வருசம் வசந்தத்தில் நடந்ததையும் சேர்த்துச் சொல்ல வேணும். தென்னோ ஷோவுக்கு கேட்டுக்குள் போகவே மாட்டன் என்று அடம்பிடித்தான். கண்ணைக் கட்டித்தான் உள்ளே விட்டார்கள். ஓட்டத்திலும் முதலில் பின்னுக்கே கிடந்தான். ஜொக்கி யொக்கொயாமா அவனை அவசரப்படுத்தவில்லை. எதிர்ப்பக்க நேர்பாதையிலேயே வேகத்தைக் கூட்டவிட்டார், அவ்வளவு தூரம் தாக்குப்பிடிப்பான் என்ற நம்பிக்கையில். முந்தி இரண்டு தரம் தோற்ற பந்தயத்தை ஒரு கழுத்து வித்தியாசத்தில் வென்றான்.

அடம் வசந்தத்திலும் இருந்தது, ஜூனிலும் இருந்தது. வென்றால் அதுக்குப் பேர் "தனித்துவம்", தோற்றால் "குழப்படி". எங்கட வகுப்பறைகளிலும் இந்தக் கணக்குத்தானே ஓடுது? கேள்வி கேட்கிற பிள்ளை முதலாம் ஆளாக வந்தால் கெட்டிக்காரன், பெயில் விட்டால் வாய்க்காரன்.

குணம் வேற, திறமை வேற என்று பிரிச்சு, ஒன்றை மட்டும் வாங்க ஏலாது என்பதுதான் எங்கட கருத்து. அவனை அவன் போக்கில் புரிஞ்சு ஓட்டினவர்களுக்குத்தான் பெரிய வெற்றிகள் கிடைத்தன. அப்படி ஓட்டினாலும் சில நாள் தோற்கத்தான் வேணும். அந்த விலைக்குச் சம்மதிக்காதவர்கள் வெற்றியை மட்டும் கொண்டாடுவது சரியில்லை.

ஜப்பானிய ரசிகர்கள் சம்மதித்தார்கள். அவ்வளவு காசு போன அதே வருசக் கடைசியில், அரிமா கினெனுக்கான வாக்கெடுப்பில் திரும்பவும் அவனையே முதலாவதாகத் தெரிந்தார்கள். அதுதான் அவனுடைய கடைசி ஓட்டம். எட்டாவதாக வந்தான். 28 ஓட்டம், 13 வெற்றி. அவர்களிடம் யாரும் "ஆனா" என்ற சொல்லைக் கேட்டிருக்க மாட்டார்கள் என்றே நினைக்கிறோம்.