ரேடியோவைக் கடைசியில் வாங்குங்கள்!



சில ஆண்டுகளுக்கு முன் ஒரு பள்ளி விஞ்ஞானக் கண்காட்சிக்கு நடுவராகப் போயிருந்தேன். ஒன்பதாம் வகுப்பு மாணவன் ஒருவன் ரேடியோவால் இயங்கும் படகு ஒன்றைச் செய்து வைத்திருந்தான். வெள்ளை வர்ணம், சிவப்புக் கோடு, கையில் புத்தம் புதிய கட்டுப்பாட்டுப் பெட்டி. படகை மேசைமேல் வைத்து அவன் பெட்டியின் குச்சியை அசைத்தான். சுக்கான் இடமும் வலமும் திரும்பியது. எல்லோரும் கை தட்டினார்கள். பிறகு அதைத் தண்ணீர்த் தொட்டியில் விட்டான். படகு ஒரு கணம் தயங்கியது, இடப்பக்கம் சாய்ந்தது, அப்படியே குப்புறக் கவிழ்ந்தது.

ரேடியோச் சாமான்களுக்கு மட்டும் மூவாயிரம் ரூபாய்க்கு மேல் அப்பாவிடம் வாங்கியிருந்தானாம். "எனக்கு எலெக்ட்ரானிக்ஸ் வராது சார்" என்றான், கண் கலங்க. அவனுடைய எலெக்ட்ரானிக்ஸில் ஒரு குறையும் இல்லை! கவிழ்ந்து கிடந்தபோதும் சுக்கான் அவன் சொன்னபடி திரும்பிக்கொண்டுதான் இருந்தது. கனமான பேட்டரியை வசதிக்காக மேல்தளத்தில் வைத்திருந்தான், அவ்வளவுதான்.

அன்று முதல் என் கட்சி இதுதான்: ரேடியோப் படகு செய்ய விரும்பும் மாணவன் கடைசியாக வாங்கவேண்டிய பொருள் ரேடியோ.

இதில் ஒரு வேடிக்கை உண்டு. 1898-ஆம் ஆண்டு நியூயார்க் நகரின் மாடிசன் ஸ்கொயர் கார்டன் அரங்கில் நிக்கோலா டெஸ்லா ஒரு சிறு படகைக் கம்பியில்லாமல் இயக்கிக் காட்டினார். அதே ஆண்டு நவம்பர் 8-ஆம் தேதி அவருக்கு அமெரிக்கக் காப்புரிமையும் கிடைத்தது. அதன் எண் 613809. அவருக்கு ரேடியோதான் ஆராய்ச்சி. படகு அதைச் சுமந்து சென்ற வண்டி. இன்று நம் நிலை தலைகீழ். ரேடியோவைக் கடைக்காரர் மூடிய பெட்டியாகவே தந்துவிடுகிறார். அதற்குள் நாம் கண்டுபிடிக்க அதிகம் மீதியில்லை. மீதியிருப்பதெல்லாம் படகில்தான் இருக்கிறது. அதையும் கடையிலேயே வாங்கி நான்கு திருகாணிகளை முடுக்கிவிட்டு, 'நானே செய்தேன்' என்று அட்டை எழுதி வைப்பது எனக்குப் பிடிக்கவில்லை.

சரி, எங்கே தொடங்குவது? மரத்தை அறுப்பதற்கு முன் ஒரு கணக்கு. உங்கள் படகு 60 செ.மீ. நீளம், 15 செ.மீ. அகலம், நீருக்குள் 4 செ.மீ. அமிழலாம் என்று வைத்துக்கொள்வோம். மூன்றையும் பெருக்கினால் 3600 கன செ.மீ. ஆனால் படகு செங்கல் அல்லவே. முன்புறம் கூராகவும் அடிப்புறம் வளைந்தும் இருக்கும். ஆகவே 0.6-ஆல் பெருக்குங்கள்: 2160 கன செ.மீ. அவ்வளவு தண்ணீரின் எடை 2160 கிராம். ஆர்க்கிமிடீஸ் தத்துவப்படி, எல்லாம் சேர்ந்து படகு அந்த எடையில் இருந்தால் நீங்கள் நினைத்த கோடுவரை அமிழும். இப்போது செலவுக் கணக்கு: படகின் உடல் 600, மேல்தளம் 200, மோட்டாரும் தண்டும் சுக்கானும் 250, ரேடியோச் சாமான்கள் 150, 6 வோல்ட் ஈய-அமில பேட்டரி 750 கிராம். மொத்தம் 1950. கையிருப்பு 210 கிராம். வர்ணமும் பசையும் அதைச் சத்தமில்லாமல் தின்றுவிடும், ஜாக்கிரதை!

உடலை 3 மி.மீ. ஒட்டுப்பலகையில் செய்யலாம். நடுவில் ஓர் அடிமரம், விலா எலும்புகள் போலக் குறுக்குச் சட்டங்கள், அவற்றின்மேல் பக்கப் பலகைகள். நீரில் கரையும் பசை வேண்டாம். எபாக்சி பசை வேண்டும். மூட்டுகளுக்கு உள்ளேயும் வெளியேயும் வர்ணம் பூசுங்கள்.

அடுத்து, துணி துவைக்கும் பெரிய டப்பில் தண்ணீர் நிரப்புங்கள். மோட்டாருக்கும் பேட்டரிக்கும் பதிலாக அதே எடையுள்ள மணல் பொட்டலங்களைப் படகில் வையுங்கள். ஒரு பொட்டலத்தை முன்னே நகர்த்தினால் மூக்கு தாழ்கிறது. பின்னே நகர்த்தினால் வால் தாழ்கிறது. ஒரு பக்கத்தை விரலால் அழுத்திவிட்டுப் பாருங்கள். சுறுசுறுப்பாக நிமிர்ந்தால் நல்லது. சோம்பலாக நிமிர்ந்தாலோ, நிமிர யோசித்தாலோ, எடை உயரத்தில் இருக்கிறது என்று பொருள். சாயும் பக்கத்தில் அதிக நீர் விலகுவதால் அந்தப் பக்கம் மேல்நோக்கிய உந்தல் கூடுகிறது. அதுதான் படகை நிமிர்த்துகிறது. எடை மேலே போகப் போக அந்த உந்தலின் கை ஓய்ந்துபோகும். ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுவதையும் இந்த டப்புக்கு முன்னால் செலவிட்டாலும் நான் வீண் என்று சொல்லமாட்டேன். ரேடியோ வாங்கியவனுக்கு இந்தப் பொறுமை வருவதில்லை; கை அரிக்கும்!

மோட்டாரிலிருந்து புரொப்பெல்லருக்குப் போகும் தண்டுக்கு 2 மி.மீ. சைக்கிள் ஸ்போக்ஸ் கம்பியே போதும். நுனியில் மரையும் நிப்பிளும் தயாராக இருக்கின்றன. டப்பாத் தகரத்தில் வெட்டிய புரொப்பெல்லரை நிப்பிளில் பற்றவைத்துவிடலாம். கம்பியைப் பித்தளைக் குழாய்க்குள் விட்டுக் குழாயைக் கிரீஸால் நிரப்பினால் தண்ணீர் உள்ளே வராது. மோட்டாரையும் கம்பியையும் இணைக்க சைக்கிள் வால்வு டியூப் ஒரு துண்டு.

"படகு மெதுவாகப் போகிறது, பெரிய மோட்டார் போடட்டுமா?" என்று கேட்காத மாணவன் இல்லை. போடவேண்டாம். 1870-களில் இங்கிலாந்தின் டார்க்கி நகரில் வில்லியம் ஃப்ரூட் என்ற பொறியாளர் நீண்ட தொட்டியொன்றில் மாதிரிக் கப்பல்களை இழுத்து ஆராய்ந்தார். நீரைப் பிளந்து செல்லும் படகு தானே எழுப்பும் அலையில் சிக்கிக்கொள்கிறது; நீளத்தின் வர்க்கமூலத்தைப் பொறுத்தே அதன் வேகம் அமைகிறது. மீட்டரில் சொன்ன நீளத்தின் வர்க்கமூலத்தை 1.25-ஆல் பெருக்கினால் ஏறக்குறைய எல்லை வேகம் கிடைக்கும். 60 செ.மீ. படகுக்கு அது வினாடிக்கு 1 மீட்டர். நிதானமான நடை வேகம். பெரிய மோட்டார் போட்டால் மூக்கு தூக்கும், வால் அமிழும், பேட்டரி தீரும். இன்றும் சென்னை ஐ.ஐ.டி.யிலும் விசாகப்பட்டினத்திலும் அத்தகைய இழுவைத் தொட்டிகளில் மாதிரிக் கப்பல்களைச் சோதிக்கிறார்கள். உங்கள் டப்பு அவற்றின் ஏழைத் தம்பி.

சுக்கானைச் சற்றே திருப்பி அப்படியே இறுக்கி, ஆழமில்லாத தொட்டியில் படகை ஓடவிடுங்கள். வட்டமடிக்கும். இன்னும் கொஞ்சம் திருப்பினால் வட்டம் சுருங்கும். எவ்வளவு திருப்பினால் எவ்வளவு வட்டம் என்று நோட்டில் குறித்துக்கொண்ட பிறகு, தாராளமாக ரேடியோ வாங்குங்கள். வாங்குவதில் வெட்கமில்லை. இப்போது கிடைப்பவை பெரும்பாலும் 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைகளில் இயங்குபவை. அந்த அலைகளைத் தண்ணீர் விழுங்கிவிடும். எனவே ஏற்பியின் ஏரியல் நீர்மட்டத்துக்கு மேலே இருக்கட்டும். மோட்டாரின் இரு முனைகளுக்கிடையே 0.1 மைக்ரோஃபாரட் மின்தேக்கி ஒன்றைப் பற்றவைத்தால் பொறியால் வரும் இரைச்சல் அடங்கும்.

இந்த வழியில் போனால் கண்காட்சித் தேதிக்குள் முடியாது என்பது உண்மைதான். ஓடாத ரேடியோப் படகுக்கும், ரேடியோ இல்லாமல் நேராக ஓடும் படகுக்கும் நடுவே நான் எதற்கு மதிப்பெண் போடுவேன் என்று இதற்குள் உங்களுக்குத் தெரிந்திருக்கும்.

கிணற்றிலும் கல்குவாரிக் குட்டையிலும் படகு விடவே கூடாது. நின்றுபோன படகை எடுக்க ஒருவரும் நீரில் இறங்கக் கூடாது. பெரியவர் ஒருவர் உடனிருக்கட்டும். தூண்டில் நரம்பின் நுனியில் ஒரு டென்னிஸ் பந்தைக் கட்டிப் பையில் வைத்துக்கொள்ளுங்கள். பந்தைப் படகுக்கு அப்பால் எறிந்து, கரையோரமாக நடந்தபடி மெல்ல இழுத்தால், நரம்பு படகை வளைத்துப் பிடித்துக் கரை சேர்த்துவிடும்.