வெறும் விளம்பரம்தானே?

இங்கே ராமச்சந்திராபுரத்தில் நம்மூர்க்காரர்கள் வீட்டுக்குப் போனால், காபி முடிந்ததும் கம்ப்யூட்டரைக் காட்டுகிறார்கள். "எதைத் திறந்தாலும் விளம்பரம் சார், எடுத்தாலும் திரும்ப வருது." (நான் பேங்க்காரன் ஐயா, மெக்கானிக் இல்லை!) கடைசியில், "விளம்பரம்தானே, போகட்டும்" என்று விட்டுவிடுகிறார்கள். அங்கேதான் எனக்கு உடன்பாடில்லை.

2017-ல் செக் பாயின்ட் நிறுவனம் 'ஃபயர்பால்' என்ற ஆட்வேர் பற்றி எச்சரித்தது. இலவச மென்பொருளுக்கு நாம் 'நெக்ஸ்ட், நெக்ஸ்ட்' தட்டும்போது கூடவே ஏறிக்கொண்டு, பிரவுசரின் முகப்பையும் தேடலையும் மாற்றிவிடும். உலகில் 25 கோடி, இந்தியாவில் 2.5 கோடி கணினிகள் என்றார்கள். மைக்ரோசாஃப்ட், கணக்கு மிகை என்றது. இருக்கட்டும். நினைத்தால் வேறு எந்த நிரலையும் அதனால் உள்ளே இறக்க முடியும் என்பதுதான் எனக்கு உறைத்தது. ஊரில் அம்மாவுக்குப் பணம் அனுப்ப பாஸ்வேர்டு அடிப்பதும் அதே கணினியில்தானே?

தெரியாத புரோகிராம், எக்ஸ்டென்ஷன் எல்லாவற்றையும் நீக்கி பிரவுசரை ரீசெட் செய்யுங்கள். மத்திய அரசின் செர்ட்-இன் 2017-ல் தொடங்கிய சைபர் ஸ்வச்தா கேந்திரா தளத்தில் இலவசக் கருவிகள் உண்டு. அதற்கும் அடங்காவிட்டால் மல்லுக்கட்டாதீர்கள். போட்டோக்களை நகலெடுத்துக்கொண்டு ஃபார்மட் அடித்துவிடுங்கள். பேங்க் பாஸ்வேர்டை மட்டும் அதுவரை காத்திராமல், இன்றைக்கே வேறொரு சுத்தமான கணினியில் மாற்றிவிடுங்கள்.